நேர்ச்சைக்கு வந்த மருமகள்

எங்கள் பக்கத்தில் சூசையப்பருக்கு ஒரு நேர்ச்சை உண்டு. நினைத்த காரியம் நடந்தால் மூன்று ஏழைகளை வீட்டுக்கு அழைப்போம். வயதானவர் ஒருவரைச் சூசையப்பராகவும், ஒரு பெண்பிள்ளையை மாதாவாகவும், ஒரு சின்னப் பையனை இயேசு பாலனாகவும் நினைத்து உட்காரவைத்து அசனம் போடுவோம். சும்மா சாப்பாடு போடுவது இல்லை அது. வீட்டுக்காரன் அவர்கள் காலைக் கழுவித் துடைத்து, குனிந்து உதடு வைத்து முத்தி செய்ய வேண்டும். அவர்கள் சாப்பிட்டு எழும்புகிற வரைக்கும் வீட்டில் யாரும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. அன்றைக்கு அவர்களைப் பேர் சொல்லியும் கூப்பிடக் கூடாது, முறை சொல்லியும் கூப்பிடக் கூடாது. சூசையப்பரே, மாதாவே, பாலனே என்றுதான் கூப்பிட வேண்டும். முடிந்ததும் புதுத்துணியும் மிச்சச் சோறும் கட்டிக்கொடுத்து, பொழுது அடையும் முன்னே வாசல்வரை போய் வழியனுப்ப வேண்டும். அவர்கள் அந்த வீட்டில் தங்கக் கூடாது. ஏன் அப்படி என்று நான் யாரிடமும் கேட்டதில்லை. திருக்குடும்பத்துக்குச் சத்திரத்தில் இடம் கிடைக்கவில்லை அல்லவா, அதனால் இருக்கும் என்று என் மனைவி சொல்வாள்.

என் மூத்த மகன் கப்பல் வேலைக்குப் போனவன். எங்கோ ஒரு துறைமுகத்தில் கப்பலைக் கட்டுகிற வடம் இறுகி அவன் வலது கை நசுங்கிவிட்டது என்று போன் வந்தது. கை இருக்குமா இருக்காதா என்று அவர்களுக்கே தெரியவில்லை. நான் தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் வெளிவேலை பார்க்கிறவன். பேப்பரைத் தூக்கிக்கொண்டு துறைமுகத்துக்கும் கஸ்டம்ஸுக்கும் நடப்பதுதான் என் வேலை. எட்டாவதோடு படிப்பை விட்டவனுக்கு அயல்நாட்டு டாக்டரிடம் என்ன கேட்கத் தெரியும்? கோயிலுக்குப் போய் சூசையப்பர் சுரூபத்தின் முன்னால் முழங்காலில் நின்றேன். நீரும் கையால் வேலை செய்து பிழைத்தவர்தானே, என் பிள்ளை கையைத் திருப்பிக் கொடும், உமக்கு அசனம் போடுகிறேன் என்று சொன்னேன். கை பிழைத்தது. இரண்டு விரல் கொஞ்சம் மடங்காது. மற்றபடி குறை சொல்வதற்கு இல்லை.

மே மாதம் முதல் நாள் தொழிலாளர் சூசையப்பர் திருநாள். அன்றைக்கே வைத்துக்கொள்வோம் என்று முடிவுசெய்து கோயில் உபதேசியாரிடம் சொன்னேன். அவர் எங்கள் பங்குக்குப் புதிது. யார் வீட்டில் யார் என்று இன்னும் முழுக்கத் தெரியாது.

"அண்ணாச்சி, நீங்க ஆக்குற வேலையப் பாருங்க. ஆள நான் கூட்டிட்டு வாரேன்" என்றார். "தாத்தா ஒருத்தரு முதியோர் இல்லத்துல இருக்காரு. பிள்ளைகளுக்கு போர்டிங்ல சொல்லிவிடுதேன்."

எந்த போர்டிங் என்று நான் கேட்கவில்லை. இந்தக் கரையில் சிஸ்டர்மார் நடத்துகிற இல்லங்கள் எத்தனையோ இருக்கின்றன. ஆனாலும் கேட்டிருக்க வேண்டியவன் நான்தான். ஏனென்றால் அப்படிப்பட்ட ஒரு போர்டிங்கில், ஏரலுக்குப் போகிற வழியில், என் தங்கை மகள் இருந்தாள். தங்கை மகளை நாங்கள் மருமகள் என்றுதான் சொல்வோம். அவளுக்கு நான் தாய்மாமன். காது குத்தும்போது என் மடியில்தான் இருந்தாள்.

அவளுடைய தகப்பன் சங்கு குளிக்கப் போய்க் கடலிலேயே இறந்துவிட்டான். என் தங்கை மீன் கம்பெனியில் இறால் உரித்து அவளை வளர்த்தாள். பிறகு காய்ச்சலில் அவளும் போனாள். கடைசி நாட்களில் தங்கை என்னிடம் பிள்ளையைப் பார்த்துக்கொள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்காது. அண்ணன் இருக்கிறானே என்று இருந்திருப்பாள்.

அப்போது அவளுக்கு எட்டு வயது. எங்கள் வீட்டில் சில மாதம் இருந்தாள். தின்னக் கொடுக்கிற ரொட்டியில் பாதியைத் தலையணைக்கடியில் ஒளித்து வைப்பாள். எறும்பு ஏறிவிடும். என் மனைவி சத்தம் போடுவாள், என் மகன்கள் சிரிப்பார்கள். பாயில் மூத்திரம் போய்விடுவாள். மூத்தவனுக்கு அந்த வருடம் பத்தாம் வகுப்பு. வீட்டில் ஓர் அறை, ஒரு குசினி. கோயிலில் யாரோ ஒருவர், போர்டிங்கில் விட்டால் படிப்பும் ஒழுக்கமும் நன்றாக இருக்கும் என்று சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டேன்.

சந்தைக்குப் போய் ஒரு தகரப் பெட்டி வாங்கினேன். பச்சை நிறம், மூடியில் ரோஜாப்பூ வரைந்திருக்கும். சின்னதாக ஒரு பூட்டும் வாங்கினேன். பெட்டியைப் பார்த்து அவளுக்குச் சந்தோஷம். சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். போர்டிங்கில் பொறுப்பாக இருந்த சிஸ்டர், "பிள்ளைக்கு யாரெல்லாம் இருக்காங்க?" என்று கேட்டார். அது வசதி இல்லாத பிள்ளைகளுக்காக நல்ல மனது உள்ளவர்கள் நடத்துகிற இடம். தாய்மாமன் இருக்கிறான், வேலையில் இருக்கிறான், சொந்த வீடு இருக்கிறது என்று சொன்னால் சேர்க்கமாட்டார்களோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

"யாரும் இல்ல, சிஸ்டர்" என்றேன்.

அவள் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில்தான் நின்றாள்.

அந்த இடத்தைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்லமாட்டேன். சொன்னால் நாக்கு அழுகிவிடும். அங்கே அவள் தேறினாள். எறும்பு ஏறுகிற ரொட்டியும் இல்லை, நனைகிற பாயும் இல்லை. நன்றாகப் படிக்கிற பிள்ளை என்று பேர் வாங்கினாள். அது எனக்கு வசதியாகப் போயிற்று. பார்த்தாயா, நல்லதுதானே செய்தோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள முடிந்தது. தெருவில் யாராவது, "மருமகள எங்கய்யா காணோம்?" என்று கேட்டால், "வீட்ல முடியல" என்பேன். அதாவது என் மனைவியால் முடியவில்லை என்று அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவேன். ஒரு நாள் அவள் அரிசி களைந்துகொண்டே சொன்னாள்: "ஏம் பேரச் சொல்லியே நீங்க புண்ணியவானாட்டம் இருக்கிய. போர்டிங்குன்னு மொதல்ல சொன்னது யாரு? நானா?" நான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

பிறகு மூத்தவன் கப்பலுக்குப் போனான், சின்னவன் வெளியூர் வேலைக்குப் போனான், மாடியில் ஓர் அறை கட்டினோம். இடம் இல்லை என்று இனி சொல்ல முடியாது. அதனால் "நடுவில் கூட்டிவந்தால் படிப்பு கெட்டுவிடும்" என்று சொல்ல ஆரம்பித்தேன். சொல்லுக்கு எனக்குப் பஞ்சம் வந்ததே இல்லை.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்க விடுவார்கள். நான் பைக்கில் போவேன், ஒரு பெட்டி மக்ரூன் வாங்கிக்கொண்டு. மரத்தடியில் உட்காருவோம். அவள் மக்ரூன் பெட்டியைத் திறந்து ஒன்றே ஒன்று எடுத்துக்கொள்வாள். மற்றதைக் கொண்டுபோய்ப் பொதுவில் வைத்துவிடுவாள். "நீ தின்னுளா" என்றால், "எல்லாருக்கும் வந்தாத்தான் மாமா ருசி" என்பாள். பேசுவதற்கு எங்களுக்கு அதிகம் இருக்காது. அத்தை நல்லா இருக்காங்களா, அத்தான் கப்பல்ல இருந்து பேசினாரா என்று கேட்பாள். வீட்டுக்கு வரட்டுமா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கிறிஸ்மஸ் லீவுக்கு நான் கூப்பிட்டால், சின்னப் பிள்ளைகளுக்குக் குடில் கட்ட ஆள் இல்லை என்பாள். நான் இரண்டாவது தடவை கூப்பிடமாட்டேன்.

ஒரு ஞாயிறு பக்கத்தில் இன்னொரு பிள்ளையின் தாய் உட்கார்ந்திருந்தாள். ஆறுமுகநேரி உப்பளத்தில் வேலை செய்கிறவள், காலெல்லாம் வெடித்துக் கிடந்தது.

"அண்ணாச்சி, பிள்ளைக்கு நீங்க என்ன வேணும்?"

"மாமன்."

"கூடப்பொறந்த மாமனா?"

"ஆமா."

என் பைக்கைப் பார்த்தாள். பிறகு, "எனக்கு ஓலை வீடு. அவுக அப்பனும் விட்டுட்டுப் போயிட்டாரு. இல்லன்னா நான் ஏன் விடப்போறேன்" என்றாள். நான் கேட்காமலே அவள் காரணம் சொன்னாள். அவள் கேட்டும் நான் சொல்லவில்லை.

இந்த வருடம் மருமகள் பன்னிரண்டாவது முடித்தாள். ரிசல்ட் வந்ததும் அந்த வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் போர்டிங்கை விட்டுப் போய்விட வேண்டும். வீடு உள்ளவர்கள் வீட்டுக்குப் போவார்கள். மற்றவர்களுக்கு சிஸ்டர்மார் மேல்படிப்புக்கு எங்காவது ஹாஸ்டலில் ஏற்பாடு செய்வார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் எங்கே போவாள் என்பதுதான் என் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. இனியாவது எங்கள் வீட்டுக்கு வர வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆசை என்று சொல்வதா, அவள் வந்துவிட்டால் நான் தப்பித்துவிடுவேன் என்ற கணக்கு என்று சொல்வதா தெரியவில்லை. பரீட்சை முடிந்த பிறகு வந்த ஞாயிறு கேட்க வேண்டும் என்றுதான் போனேன். மக்ரூனைக் கொடுத்துவிட்டு, வெயில் ஜாஸ்தி என்று பேசிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

அசனத்தன்று மத்தியானம் ஆட்டோ வந்து நின்றது. உபதேசியார் முன்னால் இறங்கினார். முதியோர் இல்லத்துத் தாத்தா வெள்ளை வேட்டியில் மெதுவாக இறங்கினார். பிறகு ஒரு சின்னப் பையன் குதித்தான். அவன் கையைப் பிடித்துக்கொண்டு என் மருமகள் இறங்கினாள். நீலத் தாவணி போட்டிருந்தாள். மாதாவுக்கு நீலம் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

வாசலில் தெருக்காரர்கள் கூடியிருந்தார்கள். எதிர்வீட்டு அக்கா பக்கத்தில் நின்றவளிடம், "ஏளா, இது இவன் தங்கச்சி மவள்லா?" என்பது என் காதில் விழுந்தது. "அவளேதான். நல்லாருக்கு கூத்து. சொந்த மருமவள அநாதையாக்கிச் சோறு போடுதான்" என்றாள் அந்தப் பெண். கை தேறி ஊருக்கு வந்திருந்த மூத்தவனும் அடையாளம் கண்டுகொண்டான். "எம்மா, இது நம்ம" என்று ஆரம்பித்தான்.

"சும்மா இருலே" என்றாள் என் மனைவி. "இன்னிக்கு மொற சொல்லக் கூடாது." அவள்தான் முதலில் வாசலுக்குப் போய்க் கை கூப்பினாள். "சூசையப்பரே, மாதாவே, பாலனே, உள்ள வாங்க."

மருமகள் என்னைப் பார்த்தாள். கோபமாகவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. கோயிலில் நற்கருணை அப்பம் வாங்க வரிசையில் நிற்கும்போது நாம் முன்னால் நிற்பவர்களைப் பார்ப்போமே, அப்படிப் பார்த்தாள்.

மூன்று பேரையும் பெஞ்சில் உட்காரவைத்தோம். மனைவி செம்பில் தண்ணீர் ஊற்ற, நான் கழுவினேன். முதலில் தாத்தா, அடுத்து அவள். வலது குதிகாலில் அந்தத் தழும்பு இருந்தது. நாலு வயதில் கடற்கரையில் ஓடி உடைந்த சிப்பியை மிதித்தாள். நான்தான் தோளில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வழியெல்லாம் என் சட்டை முழுக்க ரத்தம். தையல் போடும்போது என் கட்டைவிரலைக் கடித்துவைத்தாள். அந்தக் காலைத்தான் இப்போது ஏழைப்பிள்ளையின் கால் என்று கழுவிக்கொண்டிருந்தேன். துண்டால் துடைத்து முத்தி செய்தபோது என் கண்ணீர் அவள் காலில் விழுந்தது. எல்லாரும் பக்தி என்று நினைத்திருப்பார்கள். மனைவிக்கும் அவளுக்கும் தெரிந்திருக்கும்.

இலை போட்டோம். தாத்தாவுக்குப் பல் இல்லை. கறியை வாயில் போட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, சூசையப்பருக்கு எம்புட்டு வயசுன்னு தெரிஞ்சுதான் கறி வாங்குனியளா?" என்றார். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். பையன் அவள் காதில், "யக்கா, இன்னொரு அப்பளம் கேக்கலாமா?" என்றான்.

"கேளு. இன்னிக்கு நீ பாலன்லா. கேட்டாக் குடுத்தாவணும்."

"நாளைக்கு?"

"நாளைக்கு நம்ம மெஸ்ஸு. கஞ்சிதான்."

அவள் தாத்தாவின் இலையில் இருந்த கறியைப் பிய்த்துப் பிய்த்து மெதுவாக்கி வைத்தாள். பையனுக்கு எலும்பை எடுத்துவிட்டாள். அதன்பிறகுதான் தன் இலையில் கை வைத்தாள். நான் பரிமாறுகிறவன், எதிரே நின்றுகொண்டிருந்தேன். சோறு வேண்டுமா என்று கேட்க வேண்டும். "மாதாவே" என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. சட்டியை நீட்டினேன். கொஞ்சம் வைக்கச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

சாப்பிட்டு முடிந்ததும் மூன்று பேரும் வீட்டாரை ஆசீர்வதிக்க வேண்டும். நாங்கள் முழங்காலில் நின்றோம். தாத்தா சிலுவை போட்டார். பையன் என் மகன் தலையை மத்தளம் தட்டுவது மாதிரித் தட்டினான். அவள் என் தலையில் கையை வைத்தாள். வைத்துவிட்டு உடனே எடுத்துவிட்டாள்.

பிறகு அவள் என் மகனிடம் போய், "கையக் காட்டுங்க. மடக்குங்க பாப்போம்" என்றாள். அவன் மடக்கிக் காட்டினான். மடங்காத இரண்டு விரலையும் பிடித்து மெல்ல அசைத்துப் பார்த்தாள். "எண்ணெய் போட்டு உருவுங்க. விட்டுடாதிய" என்றாள். நர்ஸுக்குப் படிக்கப் போகிறாயா என்று அவன் கேட்டதற்கு ஆமாம் என்று தலையாட்டினாள். அவளுக்கு அந்த விருப்பம் இருப்பது அப்போதுதான் எனக்குத் தெரியும். மாதா மாதம் போய் வந்தவனுக்கு அது தெரியாது.

உபதேசியார் வெளியே ஆட்டோவைத் திருப்பச் சொல்லிக்கொண்டிருந்தார். துணிப் பொட்டலத்தைக் கொடுக்கிற சாக்கில் நான் அவளிடம் போனேன். முறை சொல்லக் கூடாது என்பதை மறந்துவிட்டேன்.

"மருமவளே, ஒன்ன எப்படிளா அனுப்புனாங்க?"

அவள் பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். "உபதேசியார் வந்து, நேர்ச்சைக்கு யாருமில்லாத பொம்பளப்பிள்ள ஒண்ணு வேணும்னாரு. சிஸ்டர் ஜெபம் முடிஞ்சதும் எல்லாருகிட்டயும் யார் போறீங்கன்னு கேட்டாங்க. நான் எந்திரிச்சேன்."

"யாரு வீடுன்னு தெரியுமா?"

"தெரியும். கப்பல்ல கை நசுங்குன பையன் வீடுன்னாரு, தெருவச் சொன்னாரு. அத்தான் கையப் பாக்கணும்னு இருந்துச்சு." பொட்டலத்தைக் கைமாற்றிக்கொண்டு சொன்னாள்: "அப்புறம், யாருமில்லாத பிள்ளன்னு கேட்டா நான்தானே மாமா எந்திரிக்கணும். சேக்கும்போது அப்படித்தானே சொன்னிய."

குத்திக்காட்டுகிற மாதிரி சொல்லவில்லை. எந்த வகுப்பு என்று கேட்டால் சொல்வது மாதிரி சொன்னாள். குத்திக்காட்டியிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும்.

"இன்னிக்கு இங்கன இருந்துட்டுப் போளா. நாளைக்கு நானே கொண்டாந்து விடுதேன்."

"நேர்ச்சைக்கு வந்தவ தங்கக் கூடாதுல்லா" என்றாள். பையன் ஆட்டோவில் இருந்து யக்கா, யக்கா என்று கூப்பிட்டான். இரண்டு எட்டு போனவள் திரும்பி, "சும்மா ஒரு நாளு கூப்பிடுங்க மாமா. ஒண்ணும் இல்லாத ஒரு நாளு. வாரேன்" என்றாள்.

அன்றைக்கு நாங்கள் சாப்பிட உட்கார்ந்தபோது கறி ஆறிக் கொழுப்பு கட்டியிருந்தது.

சும்மா ஒரு நாள் கூப்பிடுவது லேசான காரியம் என்று நினைப்பீர்கள். எனக்கு அது லேசாக இல்லை. கையில் மக்ரூன் இல்லாமல், நேர்ச்சை இல்லாமல், திருநாள் இல்லாமல் அந்தப் பிள்ளை முன்னால் போய் நிற்க எனக்குப் பழக்கமே இல்லை. இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தேன். என் மனைவிதான் ஒரு காலையில் மீனை ஆய்ந்துகொண்டே, "நேர்ச்சை முடிஞ்சி போச்சுன்னு நெனைக்கியளா?" என்று கேட்டாள். "இன்னிக்கு வெறும் சாளைதான். போய்க் கூட்டிட்டு வாங்க."

வேலைநாள் அது. ஆபீஸுக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டு போர்டிங்குக்குப் போனேன். பொறுப்பாக இருக்கிற சிஸ்டர் அதே சிஸ்டர்தான், இப்போது வயதாகிவிட்டது.

"இன்னிக்கு விசிட்டிங் இல்லையே. வீட்ல விசேஷமா?"

"ஒண்ணுமில்ல சிஸ்டர். சும்மா சாப்பிடக் கூட்டிட்டுப் போலாம்னு."

சிஸ்டர் என்னை உட்காரச் சொன்னார். உட்கார்ந்ததும் எனக்கு அடக்க முடியவில்லை. "அன்னைக்கு யாருமில்லன்னு ஒங்ககிட்ட நான் சொன்னது பொய் சிஸ்டர்" என்றேன்.

"தெரியுமே" என்றார். "யாருமில்லாத பிள்ளைக்குப் புதுப் பெட்டியும் பூட்டும் யார் வாங்கிக் கொடுப்பா? நீங்க உள்ளதைச் சொல்லியிருந்தாலும் எடுத்திருப்போம். இங்க பாதிப் பிள்ளைகளுக்கு வீட்ல யாராவது இருக்கத்தான் செய்யிறாங்க. அந்தப் பொய் எங்களுக்குத் தேவைப்படலை."

என்னை ஆறுதல்படுத்தத்தான் சிஸ்டர் அதைச் சொன்னார். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கிடைத்தால் பாரம் இறங்கும். இது இறங்கவில்லை. சொல்லத் தேவையே இல்லாத ஒரு பொய்யை எட்டு வயதுப் பிள்ளை காதில் போட்டிருக்கிறேன். அவள் அதைப் பத்து வருடமாக நம்பியிருக்கிறாள்.

மருமகள் வந்தாள், பைக்கில் பின்னால் ஏறிக்கொண்டாள். வீட்டில் அவளைக் குசினியிலேயே உட்காரச் சொல்லி மனைவி தட்டில் சோறும் சாளைக் குழம்பும் வைத்தாள். எங்களுக்கும் வைத்தாள். நான் கையை வைக்கப் போனேன். மருமகள் எழுந்து நின்றுவிட்டாள். கை கூப்பி, கண்ணை மூடி, போர்டிங்கில் சொல்கிற சாப்பாட்டு ஜெபத்தைத் தொடங்கினாள். அது எனக்குத் தெரியும். அங்கே யாராவது பிறந்தநாளுக்கோ திதிக்கோ சாப்பாடு போட்டால் அவர்கள் பேரைச் சொல்லி, எங்களுக்கு உணவளித்த இன்னாரையும் அவர் குடும்பத்தாரையும் ஆசீர்வதியும் ஆண்டவரே என்று சொல்வார்கள். பிள்ளைகள் பசியோடு நின்று பாட, கொண்டுவந்தவர்கள் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். நானும் ஒரு தடவை என் தாயின் நினைவு நாளுக்குப் போட்டு, எதிரே நின்றிருக்கிறேன். அந்த வரிசையில் அவளும் நின்று என் பேரைச் சொன்னாள்.

இப்போது "எங்களுக்கு உணவளித்த" என்பது வரைக்கும் வந்தவள் நிறுத்திவிட்டாள். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள். இங்கே யார் பேரைச் சொல்வது, சொல்ல வேண்டுமா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. முகம் சிவந்துவிட்டது. எனக்குச் சோறு தட்டில் மங்கலாகத் தெரிந்தது.

"சோறு ஆறுது. உக்காந்து தின்னுளா" என்றாள் என் மனைவி. கொஞ்சம் அதட்டித்தான் சொன்னாள். மருமகள் உட்கார்ந்து சாப்பிட்டாள். தட்டைக் கழுவப் போனபோது மனைவி பிடுங்கிக்கொண்டாள். இரண்டு பேரும் தட்டை இழுத்ததில் தண்ணீர் என் மேல் தெறித்தது. அன்றைக்குச் சாயங்காலம் தானாகவே பஸ் ஏறிப் போனாள். தங்கச் சொல்லி நான் கேட்கவில்லை. மனைவி கேட்காதே என்று கண் காட்டியிருந்தாள்.

ரிசல்ட் வந்தது, நல்ல மார்க். சிஸ்டர்மார் மதுரையில் நர்சிங் படிக்க ஏற்பாடு செய்தார்கள். அங்கேயே ஹாஸ்டல். நான் செலவை ஏற்கிறேன் என்று சொன்னதற்கு, "ஏற்பாடு ஆயிட்டு மாமா. போர்டிங்ல இன்னொரு பிள்ளைக்குச் செய்யுங்க" என்றாள். உப்பளத்துக்காரியின் பிள்ளை நினைவுக்கு வந்தது. சிஸ்டரிடம் சொல்லியிருக்கிறேன்.

மதுரைக்குப் போகிற அன்று காலையில் ஓர் ஆட்டோ வாசலில் நின்றது. நாங்கள் கூப்பிடவில்லை. மருமகள் இறங்கினாள். தோளில் ஒரு புதுப் பை, கையில் அந்தத் தகரப் பெட்டி. பச்சை பாதி போய்விட்டது, ரோஜாப்பூவில் இலை மட்டும் மிச்சம் இருந்தது.

"அங்க அலமாரி குடுத்திருக்காங்களாம், பெட்டி வேண்டாம்னுட்டாங்க" என்றாள் என் மனைவியிடம். "இங்கன வச்சிக்கிடலாமா அத்தை?"

"இதயும் கேட்டுக்கிட்டா நிப்ப?" என்றாள் மனைவி.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று காப்பியை நின்றுகொண்டே குடித்தாள். பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டு வந்தேன். லீவுக்கு எங்கே வருவாய் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. அதைக் கேட்கிற உரிமையை நானே ஒரு நாள் ஒரு வார்த்தையில் விட்டுக்கொடுத்துவிட்டேன்.

பெட்டியை மாடி அறைக்குக் கொண்டுபோய் ஜன்னல் ஓரம் வைத்தேன். உப்புக்காற்று பட்டால் தகரம் துருப்பிடிக்கும் என்று மனைவி பழைய சேலையைப் போட்டு மூடியிருக்கிறாள். கிறிஸ்மஸுக்குப் பத்து நாள் லீவு உண்டாம், என் மகனிடம் போனில் சொல்லியிருக்கிறாள். வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ சொல்லவில்லை. தினமும் சாயங்காலம் ஜெபமாலை சொல்லி முடித்து ஜன்னலைச் சாத்த மாடிக்குப் போகும்போது சேலையை விலக்கிப் பார்க்கிறேன். பெட்டி பூட்டியிருக்கிறது. பூட்டு நான் வாங்கிக் கொடுத்ததுதான். சாவி அவளிடம் இருக்கிறது.